லேசான கசிவும் நான்கு நாற்காலிகளும்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் லேசு. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை.

பெயருக்குக் காரணம் ஒரு படிவம். அவர் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், மொட்டைமாடி இயந்திர அறைக்கு இரும்பு ஏணியில் ஏறி, கம்பி வடம், பிரேக், பல்சக்கரம், கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். நன்று, தேய்மானம், உடனே மாற்றுக. ‘உடனே மாற்றுக’ என்று போட்டால் அந்த நிமிடமே லிஃப்டை நிறுத்தியாக வேண்டும். ஏழாம் மாடிக்காரர் சண்டைக்கு வருவார், கட்டடச் செயலாளர் மேலாளருக்குப் போன் போடுவார், மேலாளர் லேசுவுக்குப் போன் போடுவார். ‘நன்று’ என்று போட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், கையெழுத்து யாருடையது? ஆகவே நடுக் கட்டம். பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஒரே வரி: ‘லேசான தேய்மானம். தொடர்ந்து கவனிக்கவும்.’

இருபத்தாறு வருடம் இந்த வரியை எழுதினார். யாரும் தொடர்ந்து கவனித்ததில்லை, அவர் உட்பட. ஆனால் அந்த வரியால் ஒருவருடைய தூக்கமும் கெட்டதில்லை. எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

அவருடைய ஐம்பத்தோராம் வயதில் நிறுவனம் எல்லாரையும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது. வரிசையில் நின்று, சட்டையைத் தூக்கி, இருமச் சொன்னால் இருமிவிட்டு, வெளியே வந்து டீ குடிக்கிற பரிசோதனை. லேசுவின் முறை வந்தபோது இளம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

லேசுவுக்கு அந்த முகம் தெரியும். அது அவருடைய முகம். மோட்டார் ஓடும்போது நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அணைத்து அவரும் இப்படித்தான் கேட்பார். உள்ளே ஏதாவது உரசினால், கண்ணைத் திறக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. பக்கத்தில் கட்டடச் செயலாளர் நின்றுகொண்டிருப்பார். இளம் டாக்டரும் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

சரி, முடிந்தது கதை என்று லேசு சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் இதய டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி, வார்த்தையில் சிக்கனம். அவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, விலாவில் சில்லென்று களிம்பு தடவி, எக்கோ கருவியை அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ திறந்து மூடியது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் சின்னதாக ஒரு நீலத் தீற்றல் பின்பக்கம் பீய்ச்சி மறைந்தது.

“இதோ, இதான். இடது பக்க வால்வு. ரெண்டு கதவும் சரியா ஒட்டல, கொஞ்சூண்டு ரத்தம் திரும்பி வருது. லேசான கசிவு.”

“எப்ப மாத்தணும் டாக்டர்?”

“எதை?”

“வால்வை.”

“மாத்தவே வேணாம். எத்தனையோ பேருக்கு இருக்கு, இருக்கிறதே தெரியாம சுத்திட்டிருக்காங்க. நல்லா நடங்க, மாடி ஏறுங்க, எப்பவும்போல வேலை பாருங்க. மூச்சு வாங்கினா, கால் வீங்கினா வாங்க. இல்லாட்டி ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு எக்கோ. போதும்.”

பேருந்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். கடைசி வரி இப்படி இருந்தது: ‘லேசான கசிவு. தொடர்ந்து கவனிக்கவும்.’

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த வரியை முதல்தடவையாக ஒருவர் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரியின் தரம் அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? விஷயம் பெரிசுதான், அதை என் வாயால் சொல்ல மாட்டேன் என்பதுதான் அந்த வரி. அவர் டாக்டரைக் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், அந்தம்மாவுக்கும் மேலே ஒரு மேலாளர் இருப்பார்.

அன்றிலிருந்து லேசு தன்னைத்தானே கவனிக்க ஆரம்பித்தார். இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரல். பேசும்போதும், டிவி பார்க்கும்போதும், மனைவி ஏதாவது கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போதும். தண்ணீர் வாளியைத் தூக்குவதை விட்டார். பேருந்துக்கு ஓடுவதை விட்டார். கோபப்படுவதை விட்டார், வீட்டில் அதை நல்ல மாற்றம் என்றார்கள். பிறகு வாய்விட்டுச் சிரிப்பதையும் விட்டார். அதை யாரும் நல்ல மாற்றம் என்று சொல்லவில்லை. மேலாளரிடம் அறிக்கையைக் காட்டி, தரைத்தளத்தில் ஒரு மேஜை வாங்கிக்கொண்டார். மற்ற பரிசோதகர்கள் எழுதிய படிவங்களை அங்கே அவர் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ‘லேசான தேய்மானம்’ என்றுதான் இருந்தது. எல்லாரும் அவரிடம் வேலை கற்றவர்கள்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் நிஜமாகவே போயிருந்தன. மாடிப்படி கூடவே கூடாது என்று எலும்பு டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்து லேசு பொறாமைப்பட்டார்.

“உனக்காவது ஒளிக்காம எழுதிக் குடுத்திருக்காங்க.”

“வேணும்னா என் முழங்காலை நீங்க எடுத்துக்கிட்டு உங்க வால்வை எனக்குத் தாங்க. ஜிங்குஜிங்குன்னு ஏறிப் போய் உங்க அண்ணனைப் பாத்துட்டு வரேன்.”

இந்த அண்ணன் விஷயத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

அண்ணன் லேசுவைவிட ஒன்பது வயது மூத்தவர். நாற்பது வருடம் லாரி ஓட்டினார். வாயில் வருவதில் பாதி பொய், மீதி கேலி. மனைவி போன பிறகு மகளோடு ஓர் அடுக்குமாடி வீட்டின் ஐந்தாம் தளத்தில் இருந்தார். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லேசு அண்ணனைப் பார்க்கப் போவது, இரண்டு பேரும் வேலைக்குப் போன காலத்திலிருந்து வந்த வழக்கம். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய மாதங்களில்கூடப் போய், பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் கட்டடத்து லிஃப்டை எட்டு வருடம் பரிசோதித்தவர் லேசுதான். எட்டு வருடமும் நடுக் கட்டம். அதன் பிரேக் உரசுவது ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே அவருக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறிக் கைப்பிடியை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, ஐந்தாம் தளத்தில்தான் திறப்பார். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. பழைய மாடல், உதிரிபாகம் கிடைக்கவில்லை. புதிசு போடலாமா என்று கூட்டம் போட்டார்கள். “நாங்க ஏறுறதே இல்லையே, எங்களுக்கு எதுக்கு?” என்றார் தரைத்தளத்துக்காரர். கூட்டம் இன்னும் முடியவில்லை.

முதல் வருடம் அண்ணனே இறங்கி வந்தார். முனையில் உள்ள டீக்கடையில் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அதன் பிறகு குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை வருவார், அவ்வளவுதான். இனி இறங்க வழியில்லை. யாராவது ஏறினால் உண்டு.

லேசு ஏறவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார், தவறாமல். தெருவின் எதிர்ப்பக்க நடைபாதையில், மின்கம்பத்தை ஒட்டி நிற்பார். ஐந்தாம் மாடிப் பால்கனியில் அண்ணன் ஒரு சிவப்புத் துண்டை ஆட்டுவார். இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தபடியே முக்கால் மணி நேரம் பேசுவார்கள். இரண்டு வருடம் இப்படி.

“என்னடா, கழுத்து வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“பின்ன? கம்பத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தா வலிக்கத்தான் செய்யும். மேல வாடா. பொண்ணை விட்டுப் படிக்கட்டுல நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். மாடிக்கு ஒண்ணு. மகாராஜா உக்காந்து உக்காந்து எழுந்தருளலாம்.”

“நீ கிண்டல் பண்ணு. உனக்கென்ன, உன் இதயம் லாரி இஞ்சின்.”

“இஞ்சினை யாருடா திறந்து பாத்தது? ஓடுச்சு, ஓட்டினேன்.”

ஒருநாள் மகள் வேலைக்குப் போகும் வழியில் கம்பத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் ஏறக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“ஏறலாம்னுதான் சொன்னாங்க.”

“அப்புறம்?”

“அவங்க அப்படித்தாம்மா சொல்லுவாங்க. நானும் அப்படித்தானே சொன்னேன், உங்க லிஃப்டைப் பத்தி.”

அவள் அவரையே பார்த்தாள். “அப்பா ஞாயித்துக்கிழமைன்னா விடிஞ்சதுமே ஷேவ் பண்ணிட்டு உக்காந்துடறார் சித்தப்பா. அஞ்சாவது மாடிலேர்ந்து உங்களுக்குத் தாடி தெரியவா போகுது?” சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். ஓடுகிறவளைப் பார்த்துக்கொண்டே லேசு மணிக்கட்டில் விரல் வைத்தார்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாலும் அவர் வருடா வருடம் போனார். வருடா வருடம் அதே களிம்பு, அதே நீலத் தீற்றல், அதே வரி. அது ஒரு நூல்கூட வளரவில்லை. வளராததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. தன் படிவங்களிலும் ஒரு பிரேக்கின் தேய்மானம் எட்டு வருடம் வளராமல்தானே இருந்தது?

“மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா?” என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

“ஏறுறதில்ல டாக்டர்.”

“ஏறிப் பாருங்க. ஏறினாத்தானே தெரியும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பால்கனியில் துண்டு ஆடவில்லை.

லேசு போன் போட்டார். முழுசாக அடித்து ஓய்ந்தது. குளிக்கிறார் போல. கம்பத்தடியில் நின்றார். மறுபடி போட்டார். பால்கனிக் கதவு திறந்திருந்தது, திரைச்சீலை ஒரு தடவை வெளியே வந்து உள்ளே போனது. மூன்றாம் தடவை, நான்காம் தடவை. மகளுக்குப் போட்டார். அவள் கடையில் இருந்தாள், அன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட். “நான் கிளம்பி வர முக்கால் மணி நேரம் ஆகும் சித்தப்பா, நீங்க மேல போங்க” என்றாள். அதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. கேள்வியே இல்லாத ஒரு குரல்.

வாசலுக்குப் போனார். வாட்ச்மேனை நிறுத்திவிட்டு அங்கே கேமரா வைத்திருந்தார்கள். அது அவரைப் பார்த்தது. தரைத்தளத்து மணியை அடித்தார். லிஃப்ட் வேண்டாம் என்றவர் பல் குச்சியோடு கதவைத் திறந்தார்.

“அஞ்சாவது மாடில எங்க அண்ணன். போனை எடுக்கல. நீங்க கொஞ்சம் போய்ப் பாக்க முடியுமா?”

“தூங்கிட்டிருப்பார் சார். ஞாயித்துக்கிழமைதானே.”

கதவு மூடியது. தூங்கிக்கொண்டிருப்பார் என்பது நல்ல வரி. யாருடைய தூக்கத்தையும் கெடுக்காத வரி. லேசு அதைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் போன் போட்டபடி, படிக்கட்டின் அடியில் இன்னும் எட்டு நிமிடம் நின்றார். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார்.

முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி இருந்தது.

நீல பிளாஸ்டிக் நாற்காலி. யாரோ அதன்மேல் பிள்ளைகளின் ஷூக்களைக் காயவைத்திருந்தார்கள். முதுகுப் பலகையில் ஒட்டிய அட்டையில், லாரிக்குப் பின்னால் எழுதுகிற கொட்டை எழுத்தில்: ‘தம்பிக்கு. மற்றவர்கள் உட்காரலாம், அவன் வந்தால் எழுந்துவிடவும்.’

லேசு ஷூக்களை இறக்கிவைத்து உட்கார்ந்தார். உட்காராமல் போயிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடமாக மாடிப்படியையே தொடாதவர் அவர். விரலை வைத்து எண்ணினார். நாடி இறங்கும்வரை இருந்தார்.

இரண்டாம் மாடியில் மர நாற்காலி. ‘மெதுவாகப் போகவும்.’ மெதுவாகத்தான் போனார். உட்கார்ந்தார், எண்ணினார். பக்கத்தில் இரும்புக் கிராதிக் கதவுக்குப் பின்னால் லிஃப்ட் குழியின் இருட்டு. கொஞ்சம் மேலே, நின்ற இடத்திலேயே மூன்று வருடமாகத் தொங்கும் கூண்டின் அடிப்பாகம் தெரிந்தது. மூன்றாவது நாற்காலியின் அட்டை கிழிந்து ‘பாதி தாண்டி’ என்பதோடு நின்றிருந்தது. அங்கேயும் உட்கார்ந்தார்.

நான்காவதில் மெத்தைகூடப் போட்டிருந்தது. அதிகம் வெளுக்காத மெத்தை, உட்கார்ந்த தடமே இல்லை. ‘ஒலி எழுப்பவும். கதவு திறந்திருக்கும்.’

“அண்ணா!” என்று லேசு ஒலி எழுப்பினார்.

பதில் வரவில்லை. அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. கடைசிப் படிகளை எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது.

கதவு திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாழ் போடுவதில்லை என்று பிறகு மகள் சொன்னாள். அண்ணன் பால்கனியைப் பார்த்த நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஷேவ் செய்திருந்தார். வாக்கர் ஒருக்களித்துக் கிடந்தது. மடியில் சிவப்புத் துண்டு, துண்டின்மேல் போன், போனில் ‘தம்பி’ என்று பதினோரு அழைப்புகள்.

லேசு குனிந்து அண்ணனின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தார். ஒன்பது வருடப் பழக்கம். விரல்கள் சரியான இடத்தில்தான் விழுந்தன. கை இன்னும் சில்லிட்டிருக்கவில்லை. அவர் நிறைய நேரம் விரலை எடுக்கவில்லை.

அப்புறம், வெட்கக்கேடுதான், தன் மணிக்கட்டையும் பார்த்தார். ஒழுங்காக, தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கவில்லை. கால் நடுங்கவில்லை. ஐந்து மாடிக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மகளும் அவள் வரவழைத்த ஆம்புலன்ஸ்காரர்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மாரடைப்பு மாதிரிதான் இருக்கு. இதுக்கு முன்ன இதயத்தை எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

“அப்பா காட்டினதே இல்ல,” என்றாள் மகள். “எப்ப... ஆயிருக்கும்?”

அவர் லேசுவை ஒரு தடவை பார்த்தார். படிக்கட்டில் வரும்போது நாற்காலிகளையும் பார்த்திருப்பார். “கொஞ்ச நேரம்தான் ஆயிருக்கும்மா,” என்றார்.

எவ்வளவு கொஞ்சம் என்று மகள் கேட்கவில்லை. லேசுவும் கேட்கவில்லை. கம்பத்தடியில் கால் மணி, வாசலில் எட்டு நிமிடம், மூன்று நாற்காலிகள். அந்த மனிதர் தன் படிவத்தில் நடுக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது திருப்பங்களில் இடம் போதவில்லை. “யாராவது முன்னால போய் அந்த நாற்காலிங்களை நகத்துங்க,” என்று குரல் கொடுத்தார்கள். லேசு முன்னால் போனார். நான்காம் மாடியில் மெத்தை நாற்காலியைத் தூக்கி ஓரம் வைத்துச் சுவரோடு ஒட்டி நின்றார்; அண்ணன் கடந்து போனார். மறுபடி முந்திக்கொண்டு மூன்றுக்கு ஓடினார், பிறகு இரண்டுக்கு. ஒன்பது வருடத்தில் அவர் ஓடியது அன்றுதான். முதல் மாடியில் ஷூக்களை எங்கே வைத்தோம் என்று ஒரு கணம் தேடினார்.

நாலு மாதம் கழித்து எக்கோ. மனைவி போக வேண்டாம் என்றாள், பிறகு போகச் சொன்னாள். களிம்பு சில்லென்றிருந்தது. நீலத் தீற்றல் வந்து வந்து மறைந்தது.

“அப்படியேதான் இருக்கு. லேசான கசிவு,” என்றார் டாக்டர். எழுதிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார். “மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா?”

“இல்ல டாக்டர். அஞ்சு மாடி ஏறினேன்.”

டாக்டர் பேனாவை நிறுத்தி, முதல்தடவையாகச் சிரித்தார். “பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே. இனிமே தினம் ஏறுங்க.”

லேசு களிம்பைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான்களைப் போட்டார்.

“இனிமே மேல யாரும் இல்ல டாக்டர்,” என்றார்.